கைராசி

கும்ரியில் டிசம்பர்,
மூச்சு கம்பளித் துண்டிலேயே உறைந்து நிற்கும் மாதம்.
காலை ஏழரை. எட்டேகாலுக்கு
ஏழாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்த வேண்டும் நான்.
சாவி நுழைகிறது.
திரும்ப மாட்டேன் என்கிறது.

வெள்ளை ஜிகுலி, எண்பத்தாறாம் வருடத்தது.
நீதிமன்றம் கராஜை அவனுக்கும் காரை எனக்கும் எழுதியது.
சாவியைத் திருப்பும் விதத்தை
எந்தத் தாளிலும் எழுதவில்லை.

ஜிராயர் வந்தால் திரும்பும்.
இரண்டு தெரு தள்ளி, அவன் அக்கா வீட்டிலிருந்து
மேல்கோட்டுக்குள் பைஜாமாவோடு வருவான்.
உட்காருவான். ஸ்டியரிங்கை மயிரிழை இடப்பக்கம்,
சாவியை ஒரு நூல் வெளியே,
உதட்டைக் குவித்து ஏதோ முணுமுணுப்பான்.
எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்துவிடும்.
"உன் கையில் அவசரம் இருக்கிறது" என்பான்.
கீழ்வீட்டு ஸோவினார் ஜன்னலைத் திறந்து
"அவனுக்குக் கைராசி" என்பாள்.

விவாகரத்தாகிப் பதினாலு மாதம்.
அந்தக் கைராசியை எத்தனை முறை
போன் போட்டு வரவழைத்தேன் என்று எண்ணவில்லை.
கணக்கு டீச்சர்தான். எண்ணவில்லை.

சனிக்கிழமை, உதிரிபாகச் சந்தை.
ரஸ்மிக் பெட்டியை நீட்டியபடி
"வீட்டில் யாராவது ஆம்பளை..." என்று ஆரம்பித்தான்.
"மகள் இருக்கிறாள். டார்ச் பிடிப்பாள்" என்றேன்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன்.
ஸ்டியரிங் தண்டைச் சுற்றிய பிளாஸ்டிக் ஓட்டில்
ஐந்து திருகுக்கு நாலுதான் இருந்தது.
ஐந்தாவதின் இடத்தில் மடித்துச் செருகிய சிகரெட் அட்டை.
யார் வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.
உள்ளே ஐந்து வயர்கள், ஐந்துக்கும் ஒரே அழுக்கு நிறம்.
ஷுஷானின் நகப்பூச்சை வாங்கிப் புள்ளி வைத்தேன்:
ஒன்று, இரண்டு, மூன்று.
"அது விலை கூடினது அம்மா" என்றாள்.

பிறகுதான் தெரிந்தது.
பூட்டைக் கழற்றுவதற்கும்
அது ஒருமுறை திரும்பியாக வேண்டும்.
திரும்பாத பூட்டை வெளியே எடுக்க
திரும்பு என்று கெஞ்ச வேண்டும்.

போன் பக்கத்து இருக்கையில்தான் கிடந்தது.

இந்த முறை எண்ணினேன்.
கையுறையோடு ஒன்பது தடவை, கழற்றிவிட்டு இருபது,
டார்ச் கை மாறிக்கொண்டே இருந்தது.
முழங்காலால் ஸ்டியரிங்கை அழுத்திக்கொண்டு
கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கிய
முப்பத்தெட்டாவது தடவை
திரும்பியது.
பேட்டரி இல்லாத காரில் சத்தமே இல்லை.
எதிர்வீட்டுப் பூனைகூடப் பார்க்கவில்லை.

துளையில் செருப்பூசியை அழுத்தினேன்,
கொண்டி உள்வாங்கியது, பூட்டு கையோடு வந்தது.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
பித்தளைத் தகடுகள், ஒன்று மட்டும் தேய்ந்து சரிந்து.
கைராசி என்பது இவ்வளவுதான்,
ஒரு மில்லிமீட்டரில் கால்.

புதியதைப் பொருத்திச் சாவி கொடுத்ததும்
வைப்பர் ஓடியது, எஞ்சின் ஓடவில்லை.
மூன்று புள்ளியும் நாலு புள்ளியும் இடம் மாறியிருந்தன.
ஷுஷான் டார்ச்சைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.
மாற்றிச் செருகினேன். அடுத்த திருப்பலில்
ஏதோ இத்தனை நாள் காத்திருந்ததுபோல் எழுந்தது.

வியாழக்கிழமை காலை, கூப்பிடாமலே வந்தான்.
கண்ணாடியில் பனி ஏறியிருப்பதைப் பார்த்து
வண்டியைச் சூடாக்கி வைக்கலாம் என்று நினைத்திருப்பான்.
அவன் கொத்தில் இன்னும் இரண்டு சாவி.
கதவுச் சாவி திறந்தது.
உட்கார்ந்தான்.
மயிரிழை இடப்பக்கம், ஒரு நூல் வெளியே,
குவிந்த உதட்டில் புகையாய் மூச்சு.

மூன்றாம் மாடிச் சமையலறையிலிருந்து பார்த்தேன்.
என் பாக்கெட்டில் புதுச் சாவி,
அட்டைக் குறிகூடப் பிய்க்காமல்.
ஸோவினார் ஜன்னலும் திறந்துதான் இருந்தது,
ஆனால் ஒன்றும் சொல்லவில்லை அவள்.

கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.
இறங்கினான். கோட்டுக் கையாலேயே
முன்கண்ணாடிப் பனியைச் சுரண்டிவிட்டு,
கதவை லேசாகத் தூக்கி அடைத்தான்.
அந்தக் கதவுக்கும் ஒரு கைவாகு உண்டு.
அதை நான் இன்னும் மாற்றவில்லை.